நம்ம ஆளுதானே

என் கண்ணுக்கு,

உன் கடிதம் கையில் வந்தபோது ஏரியில் வாடைக்காற்று ஆரம்பித்திருந்தது. போஸ்ட்மேன் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு வந்து, "ரஷ்யா ஸ்டாம்ப் பேரனுக்கு வேணும்மா, பிரிச்சதும் குடுத்துடு" என்றார். அங்கேயே கிழித்துக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்குள் போய்ப் படிக்கப் பொறுமை இல்லாமல் கரையில் நின்றே படித்தேன். இருமல் குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். கடைகளில் சோப்புக்கும் சர்க்கரைக்கும் வரிசை நீளுகிறது என்று எழுதியிருந்தாய். அப்புறம் விக்டரைப் பற்றி எழுதியிருந்தாய். உங்கள் கல்லூரி இளைஞர் சங்கத்தின் செயலாளர் விக்டர், நீ போன முதல் குளிர்காலத்தில் தன் கோட்டைக் கழற்றி உனக்குப் போட்டுவிட்டவன், பொதுச்சொத்து என்றால் என்ன என்று உங்களுக்கெல்லாம் கூட்டம் போட்டுச் சொல்லித் தந்தவன். அந்த விக்டர் இப்போது விடுதியின் கீழ்த்தளத்தில் இருந்த அச்சகத்தைச் சட்டப்படி தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, இந்தியாவோடு வியாபாரம் பண்ண உன்னைக் கூட்டாளியாக வரச் சொல்கிறான் என்று எழுதியிருந்தாய். "யாராவது எடுக்கத்தான் போகிறார்கள், நாம் எடுத்தால் நல்லபடியாக நடத்தலாம்" என்று அவன் சொன்னானாம்.

அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. எங்கேயோ பனி பெய்யும் ஊரில், வேறு ஒரு பாஷையில், ஒரு வெள்ளைக்காரப் பையன் சொன்ன வார்த்தை. ஆனால் அதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், நம் குப்பத்தில், நம் ஐஸ் கொட்டாய் வாசலில், நம் பாஷையில். கடைசியில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: "நைனா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?" செத்துப் போனவர் வாயில் வார்த்தையை வைக்க எனக்கு மனசு வரவில்லை, ராசா. அவருக்கு என்ன நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். அதில் பாதிக்கு மேல் உனக்குத் தெரியாது. நீ சின்னப் பையனாக இருந்ததால் சிலது தெரியாது. நீ ஊரை விட்டுப் போய்விட்டதால் சிலது தெரியாது. மீதியை உனக்குத் தெரியக்கூடாது என்று உன் நைனாவே என்னிடம் சொல்லி வைத்திருந்தார்.

மாசிலாமணியை நீ காரில் வருகிற ஆளாகத்தான் பார்த்திருப்பாய். நான் பார்த்த மாசிலாமணி வேறு. நம் குப்பத்துப் பையன்தான். பொன்னேரியில் பத்தாவது வரை படித்துவிட்டு, வேலைக்கு மெட்ராஸ் போய், போன வேகத்தில் செங்கொடியோடு திரும்பி வந்தவர். டயர் செருப்பு, காக்கிக் கால்சட்டை, ஒரே ஒரு சட்டை. உன் நைனாவை "அண்ணே" என்பார், என்னை "அண்ணி" என்பார். எங்கள் வீட்டில்தான் பாதி நாள் சாப்பாடு. அப்போதுதான் எறாவுக்குத் திடீரென்று மவுசு வந்திருந்தது. அதுவரை எறா என்றால் குழம்புக்கும் கருவாட்டுக்கும்தான். வெளிநாட்டுக்குப் போகிறது என்று தெரிந்ததும் மெட்ராஸிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் வந்தார்கள். ஐஸும் அவர்களுடையது, பெட்டியும் அவர்களுடையது, விலையும் அவர்கள் வைத்ததுதான். விடிய விடிய ஏரியில் நின்று பிடித்ததைக் கரைக்குக் கொண்டுவந்தால், "இன்னிக்கு மார்க்கெட்டு டவுன்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். ஐஸ் இல்லாத எறாவை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை பேரம் பேச முடியுமா? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கொடுத்துவிட்டு வருவோம்.

மாசிலாமணி வீடு வீடாகப் போய்ப் பேசினார். ஒரு வாரம் எவனுக்கும் எறா விற்கக்கூடாது என்று ஊர் முடிவு பண்ணியது. விற்காமல் என்ன செய்வது? மணலில் குழி வெட்டிப் புதைத்தோம். நான் புதைத்திருக்கிறேன், கண்ணு. விரல் தடிமன் எறா, கண்ணாடி மாதிரி இருக்கும், அதைக் கூடை கூடையாய்க் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளினோம். அன்றைக்கு வீட்டில் உனக்குக் கஞ்சிதான். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு வியாபாரிகளின் ஆட்கள் தடியோடு வந்தார்கள். துறையில் முதலில் நின்றது உன் நைனா. துடுப்புக் கட்டையை ஓங்கி ஒருத்தன் அடிக்க வந்தபோது மாசிலாமணி குறுக்கே பாய்ந்தார். உன் நைனா தலையில் விழ வேண்டிய அடி அவர் தலையில் விழுந்தது. ரத்தம் வடிய வடிய, "அண்ணே, நீ நகராதே, நகர்ந்தா எல்லாரும் நகர்ந்துடுவாங்க" என்று கத்தினாராம். அந்தத் தழும்பு இன்னும் அவர் நெற்றி ஓரத்தில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், அவரைத் திட்டுவதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை. நீயும் அவரைத் திட்டாதே.

அதற்கப்புறம்தான் கூட்டுறவுச் சங்கம் வந்தது. அரசாங்கம் ஐஸ் மிஷின் கொடுத்தது, கட்டடத்துக்கு ஆளை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றது. ஏரியில் கிளிஞ்சல் வாரி, சுட்டு, சுண்ணாம்பு அரைத்து, அந்தக் கொட்டாயை ஊரே சேர்ந்து கட்டியது. ஆம்பிளைகள் ஏரிக்குப் போகும் நேரத்தில் பெண்கள் சுமந்தோம். உன்னைத் தூளியில் போட்டுவிட்டு நானும் சுமந்தேன். முதல் ஐஸ் கட்டி வெளியே வந்த அன்று குழந்தைகள் எல்லாம் அதை நக்கிப் பார்த்தார்கள், நீ நாக்கு ஒட்டிக்கொண்டது என்று ஊரைக் கூட்டி அழுதாய். கையைத் தூக்கி ஓட்டுப் போட்டு மாசிலாமணியைத் தலைவர் ஆக்கினார்கள். உன் நைனாவைத்தான் முதலில் கேட்டார்கள். அவர், "எனுக்கு ஏரியில கீற வேல போதும், அவன் படிச்சவன்" என்று சொல்லிவிட்டார்.

நல்ல வருஷங்கள் அவை. எங்கள் ஐஸ், எங்கள் பெட்டி, கொட்டாயில் எறா உரிக்கிற வேலை எங்கள் பெண்களுக்கு. மத்தியானம் வரை நிதானமாகப் பேரம் பேசலாம். ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று ஒரு முறை உண்டே, அதில் இடமில்லாமல் ஒதுங்கி நின்ற குடும்பங்களைக்கூடச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். கோடையில் முகத்துவாரம் மணலடித்து மூடிக்கொள்ளும்போது எல்லோரும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு போய் வெட்டித் திறப்போம், மாசிலாமணி முதல் ஆளாக இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். ஒரு முறை மெட்ராஸிலிருந்து தோழர்கள் வந்து வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டார்கள். சோவியத் நாட்டுக் கூட்டு மீன்பிடிப் பண்ணை. கப்பல் மாதிரி படகுகள், அதில் பெண்களும் வேலை செய்கிறார்கள். உன் நைனா படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "அங்க படகு ஆருதுன்னு கேட்டா, எல்லாருதுன்னு சொல்வாங்களாமே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

எப்போது மாறியது என்று ஒரு நாளைக் காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது. யோசித்துப் பார்த்தால் நாங்கள்தான் ஆரம்பித்து வைத்தோம் போலத் தெரிகிறது. மெட்ராஸில் ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்களைப் போய்ப் பார்க்க வேண்டும். கிழிந்த சட்டையோடு போனால் எவன் மதிப்பான் என்று ஊர்தான் அவருக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் நேரம் போகிறது என்று ஊர்தான் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தது. கம்பெனிக்காரன் என்ன பேசினான், அதிகாரி என்ன கேட்டான், மந்திரி வீட்டுக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், எல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் கேட்கவில்லை. நம்ம ஆளுதானே, பார்த்துக்குவார் என்று ஏரியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டோம். ஒரு கோடையில் முகத்துவாரம் வெட்டப் போனபோது அவர் வரவில்லை. மெட்ராஸில் முக்கியமான வேலையாம். எங்களுக்கெல்லாம் அண்டாவில் டீ அனுப்பியிருந்தார். நல்ல டீ. எல்லோரும் குடித்தோம். உன் நைனா மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆறும்வரை நின்றார்.

பிறகு மிஷின் அடிக்கடி படுத்தது. கரண்ட் நின்றால் ஐஸ் உருகி ஓடும். கம்பெனிக்காரர்கள் சரக்கை எடுத்துக்கொண்டு மாசக்கணக்கில் இழுத்தடித்தார்கள். சங்கம் நஷ்டத்தில் போகிறது என்று பேச்சு வந்தது. ஒரு நாள் காலையில் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கொட்டாய் வாசலில் பொதுக்குழு. "அரசாங்கம் எத்தனை நாளைக்குத் தூக்கி நிறுத்தும்? காலம் மாறுது. திறமையான ஒருத்தர் குத்தகைக்கு எடுத்து நடத்தினா எல்லாருக்கும் நல்லது" என்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ, "வெளியாளு எவனும் வாணாம்பா, நம்ம ஆளு எடுக்கட்டும்" என்றார்கள். உடனே எல்லோரும், ஆமாம் ஆமாம், தோழரே எடுக்கட்டும், நம்ம ஆளுதானே என்றார்கள். அதிகாரி சிரித்தார். ஜீப்பில் வரும்போதே அவருக்கு அது தெரிந்திருந்தது என்று எனக்குப் பட்டது. மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

உன் நைனா எழுந்தார். கூட்டத்தில் பேசுகிற பழக்கம் இல்லாதவர். "தம்பி, நீ எடுக்காத" என்றார். "மெட்ராஸ்காரன் எவனாச்சும் எடுத்துகினு போவட்டும். அவனாண்ட நாளைக்கு சண்ட போடலாம். உன்னாண்ட எப்டி சண்ட போடறது?"

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது, அதை நான் பார்த்தேன். "வெளியாளு வந்தா நம்ம பொம்பளைங்கள மொத நாளே தொரத்துவான்ணே. நான் தொரத்துவனா? எப்டியும் யாராச்சும் எடுக்கத்தான் போறாங்க. நாம எடுத்தா நல்லபடியா நடத்தலாம்" என்றார்.

பொய் சொல்லவில்லை, ராசா. அன்றைக்கு அவர் மனசில் இருந்ததைத்தான் சொன்னார். விக்டரும் உன்னிடம் மனசில் இருப்பதைத்தான் சொல்லியிருப்பான்.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் மேலே போனது. உன் நைனா இரண்டு கையையும் மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பெண்கள் நாங்கள் சுவரோரமாக நின்றிருந்தோம். கிளிஞ்சல் சுமந்தவர்கள்தான், ஆனால் எங்களை யாரும் உறுப்பினராக எழுதவில்லை, அதனால் எங்களுக்குத் தூக்கக் கை இல்லை. அவ்வளவு சமத்துவம் பேசிய சங்கத்தில் அது ஒருவர் கண்ணுக்கும் படவில்லை என்பதை அன்றைக்குத்தான் நானும் கவனித்தேன். அன்று முதல் உன் நைனா மாசிலாமணியோடு பேசவில்லை. சண்டை இல்லை, ஏச்சு இல்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பிடித்த எறாவைக் கொட்டாயில் போடாமல், சுண்ணாம்புக்குளத்திலிருந்து வருகிற ஒரு சின்ன வியாபாரிக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். முதலில் அவரைப் பார்த்து அந்த வியாபாரிக்கே கொடுத்த ஓரிருவரும் பிறகு கொட்டாய்ப் பக்கம் போனார்கள். கடைசியில் இவர் தோணி மட்டும் தனியாக ஒதுங்கியது.

இந்த நேரத்தில்தான் உனக்குப் படிப்பு வந்தது. கட்சி வழியாக சோவியத் நாட்டுக்குப் படிக்கப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள், உன் பெயரைச் சொல்லி மாசிலாமணி பரிந்துரை பண்ணியிருந்தார். உன் நைனா எதிர்த்துப் பேசி ஆறேழு மாசம் ஆகியிருந்தது. நான் ஆடிப்போனேன். விலை பேசுகிறாரோ என்று முதலில் நினைத்தேன், நேராகவே போய்க் கேட்டேன். "இன்னா தம்பி, எங்க வாயை மூடறதுக்கா?" அவர் முகம் சுருங்கிப் போனது. "அண்ணி, அவன் நல்லா படிக்கிற புள்ள. எனுக்குக் கெடைக்காதது அவனுக்காச்சும் கெடைக்கட்டும். அண்ணன் என்னோட பேசவே வாணாம்" என்றார். நான் வந்து உன் நைனாவிடம் சொன்னேன். உலர்த்திக்கொண்டிருந்த வலையைக் கடைசி முனை வரை உதறிப் போட்டார். அப்புறம், "பையன் போவட்டும். அவன் நாடு அது இல்ல, ஆனா படகு எல்லாருதுன்னு சொல்ற நாடு. பாத்துட்டு வரட்டும்" என்றார். குரலில் கோபம் இல்லை. தோற்றவர் குரலும் இல்லை. பாரம் ஏறிய குரல்.

நீ கிளம்பிய நாள் உனக்கு நினைவிருக்கும். மாசிலாமணி தன் காரில் உன்னையும் என்னையும் சென்ட்ரலுக்குக் கூட்டிப் போனார். நைனா வரவில்லை என்று உனக்குக் கோபம். ரயிலேறும்போதுகூட என் முகத்தைப் பார்க்காமல், "அவருக்கு வீம்புதான் பெருசு, நான் இல்ல" என்றாய். அவர் ஏன் வரவில்லை என்று எனக்கே அப்போது தெரியாது. வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அந்தக் காரில் அவரால் ஏற முடியவில்லை. நாங்கள் கிளம்பியதும் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி மீஞ்சூருக்குப் போயிருக்கிறார். டெல்லிக்குப் போகிற ரயில் மீஞ்சூர் வழியாகத்தான் போகும், ஆனால் நிற்காது. பொழுது சாயும் நேரத்தில் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று, நீ எந்தப் பெட்டியில் இருக்கிறாய் என்று தெரியாததால், ரயில் பறந்த அத்தனை நேரமும் எல்லாப் பெட்டிக்கும் கையாட்டியிருக்கிறார். "ஒரு பெட்டி ஜன்னல்ல ஒரு பையன் கையாட்டினான், அவனாதான் இருக்கும்" என்றார் என்னிடம். "அவனாண்ட சொல்லாத, அங்க போயி அழுதுகினு இருப்பான்" என்றார். சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். நீ அன்றைக்கு ஜன்னலில் இருந்தாயா, கண்ணு? யாருக்காவது கையாட்டினாயா?

அடுத்ததை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. உனக்குத் தந்தி மட்டும்தான் வந்தது. நீ பரீட்சையில் இருந்தாய், வரவும் வழியில்லை, அதை நினைத்து நீ வருத்தப்படாதே. மழைக்காலம். தண்ணீரிலேயே நின்று நின்று காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. படுக்க மாட்டேன் என்று இரண்டு நாள் ஏரிக்குப் போனார், மூன்றாம் நாள் மூச்சு வாங்கிக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பொன்னேரியில் பார்த்துவிட்டு மெட்ராஸுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். வண்டிக்கு எங்கே போவது என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். யார் சொன்னார்களோ, மாசிலாமணி காரோடு வந்து நின்றார். என்னைக் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து, உன் நைனாவைக் குழந்தை மாதிரி தூக்கி உள்ளே படுக்க வைத்தார். தலை என் மடியில். உன் நைனா கண்ணைத் திறந்து யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார். இறக்கிவிடு என்று சொல்லிவிடுவாரோ என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். ரோடெல்லாம் பள்ளம், வண்டி தூக்கிப் போட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் முகம் இறுகியது. அப்புறம் மெதுவாக, "மெள்ள ஓட்டு தம்பி" என்றார்.

வருஷக்கணக்காகப் பேசாதவர். மாசிலாமணி வண்டியை ஓரம் கட்டிவிட்டார். ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதார். நான்தான், "தம்பி, எடு வண்டிய, அப்புறம் அழு" என்று அதட்ட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை உன் நைனா போய்விட்டார். வேறு எதுவும் பேசவில்லை. ஊரில் பாடையைத் தூக்கும்போது மாசிலாமணி தோள் கொடுக்க வந்தார், உன் மாமா தடுத்தார். "உட்ரு, அவரு தூக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். சரியோ தப்போ, எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது.

இப்போது கொட்டாயை வந்து பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. மாசிலாமணி துரத்தவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்றுதான் அவர் இன்னும் நம்புகிறார். ஆனால் மெட்ராஸ் கம்பெனி ஒன்று கூட்டாளியாக வந்தது, அவருடைய மாப்பிள்ளை மேனேஜராக வந்தார், கான்டிராக்டில் வெளியூர்ப் பெண்கள் வந்தார்கள். நம் பெண்களை யாரும் போகச் சொல்லவில்லை, வேலைக்குக் கூப்பிடுவதைத்தான் குறைத்தார்கள். நான் இன்னும் அங்கேதான் எறா உரிக்கிறேன். உன் நைனா மிதிக்காத இடத்தில் நான் போய் நிற்கிறேன் என்று உனக்குக் கஷ்டமாக இருக்கலாம். வயிறு இருக்கிறதே, கண்ணு. ஐஸ் தண்ணீரில் கை விறைத்துப் போகும்போது நான் சுமந்த சுவரைப் பார்ப்பேன், மறுபடி உரிக்க ஆரம்பிப்பேன்.

உன் கடிதம் வருவதற்கு முன் ரேடியோவில் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு நாடாகக் கொடி இறங்குகிறது, ஒரு ஊரில் சுவரை இடித்துவிட்டு ஜனங்கள் அதன் மேல் ஏறி நின்று ஆடுகிறார்கள் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணி நடந்து வந்தார். காரில் வரவில்லை. வாசலில் மணலிலேயே உட்கார்ந்தார். முகம் சவரம் பண்ணாமல் இருந்தது. "அண்ணி, எல்லாம் முடிஞ்சிடுச்சாம்" என்றார். சொல்லிவிட்டு அழுதார். உன் நைனாவுக்காக அழுத மாதிரியே அழுதார், நடிப்பு இல்லை. கையில் தங்க மோதிரம், கழுத்தில் சங்கிலி, அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரக்கமும் வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"நமக்கு இங்க முடிஞ்சு எவ்ளோ நாளாச்சு, தம்பி" என்றேன். "உனுக்கு ரேடியோவுல சொன்னாத்தான் தெரியுமா?"

சொம்பைக் கீழே வைத்தார். "நான் எடுக்கலன்னா வேற எவனோ எடுத்திருப்பான் அண்ணி" என்றார். ஆமாம், எடுத்திருப்பான் என்றேன். அது உண்மைதானே. அவர் எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். போகும்போது ஒரு நிமிஷம் நின்று, நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நீ அந்த வியாபாரத்தில் சேர வேண்டாம் என்பது என் ஆசை. விக்டர் கெட்டவன் என்பதால் அல்ல. உனக்குக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவன் கெட்டவனாக இருக்க மாட்டான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த அச்சகத்தை வெளியாள் ஒருவன் வந்து பிடுங்கியிருந்தால் உங்கள் விடுதியே கூடி நின்று கேட்டிருக்கும். உங்களுக்குப் பாடம் சொன்னவனே எடுத்துக்கொண்டதால் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டீர்கள், இல்லையா? நீயும் நல்ல பையன். நாளைக்கு நீ ஒன்றை எடுத்துக்கொண்டாலும் உன் எதிரில் நின்று கேட்க ஒருவருக்கும் வாய் வராது. உன் நைனாவின் பிள்ளை, படிக்கத் தெரிந்தவன், நாலு பாஷை பேசுகிறவன், நம்ம ஆளுதானே என்பார்கள். அந்த வார்த்தையை யாரும் உன்னைப் பார்த்துச் சொல்லும்படி ஆகக்கூடாது, ராசா.

ஆனால் நீ வளர்ந்தவன். அந்த ஊர்ப் பசி எனக்குத் தெரியாது, அந்தக் குளிரும் தெரியாது. படிப்பு முடிந்ததும் அங்கே வேலை இருக்குமா, இங்கே வந்தால் கிடைக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் வேண்டாம் என்று எழுதிய பிறகும் நீ சேர்ந்துவிட்டால், அம்மாவுக்கு எப்படி முகம் கொடுப்பது என்று கடிதத்தை நிறுத்திவிடாதே. உன் நைனா ஒரு மனுஷனோடு பேச்சை நிறுத்தினார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் அந்த மனுஷனுக்கு எதிரில் நின்று கேட்க இந்தக் குப்பத்தில் இருந்த ஒரே வாய் அவருடையது. அது மூடிக்கொண்டதும் மாசிலாமணிக்கு எல்லாம் சுலபமாகிப் போனது. என்னால் அப்படி இருக்க முடியாது. நீ சேர்ந்தால் மாசாமாசம் எழுதிக் கேட்பேன். அங்கே வேலை செய்தவர்கள் எங்கே போனார்கள், யாருக்குக் கூலி குறைந்தது, யாரைக் கூப்பிடாமல் விட்டாய், ஒவ்வொன்றாகக் கேட்பேன். உனக்கு எரிச்சல் வரும். பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா